கைபேசிச் சந்தையும் கூட்டு வணிக அமானத்தும்

 



காவிரிக் கரையிலுள்ள பரமத்தி வேலூர், விற்பதையும் வாங்குவதையும் பல தலைமுறைகளாக அறிந்த ஊர். இங்கு வாழைத்தார் ஏலம் நடக்கிறது. பூவனும் ரஸ்தாளியும் கற்பூரவல்லியும் தார் தாராக விலை போகின்றன. வெற்றிலை ஏலத்தில் வெள்ளைக்கொடியும் கற்பூரியும் 104 கவுளி கொண்ட சுமைகளாக விற்கப்படுகின்றன. அருகிலுள்ள பிலிக்கல்பாளையத்தில் உருண்டை வெல்லமும் அச்சு வெல்லமும் 30 கிலோ சிப்பங்களாக ஏலத்திற்கு வருகின்றன. வெங்கமேட்டிலோ, மின்னணு தேசிய வேளாண் சந்தையில் வாரந்தோறும் தேங்காய்ப் பருப்பு ஏலம் போகிறது.

அந்தக் கடைசிச் சந்தையின் பெயரைச் சற்றுக் கவனியுங்கள். 'மின்னணு' என்ற சொல் அதில் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய 'இ-நாம்' திட்டத்தில் நம் ஊர்ச் சந்தையும் இணைந்தது. விவசாயி கொண்டுவரும் சரக்குக்கு எண் கொடுத்து, எடை போட்டு, தரம் பார்க்கிறார்கள். வியாபாரிகள் கணினி வழியாகவோ கைபேசி வழியாகவோ விலை கோருகிறார்கள். பணம் விவசாயியின் வங்கிக் கணக்குக்குச் செல்கிறது. ஆகவே, மின்வணிகம் என்பது பெருநகரத்து இளைஞர்களின் விளையாட்டு என்று நாம் இனி எண்ணுவதற்கில்லை. அது நம் தென்னந்தோப்பு வரை வந்துவிட்டது. நம் வீட்டுப் பிள்ளைகளோ அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள்.

சந்தை கைபேசிக்குள் வந்த பிறகு, அண்ணலார் (ஸல்) கற்றுத்தந்த வணிக ஒழுக்கம் அங்கே எப்படி நிலைபெறும்? கூட்டாளிகள் ஒருவரையொருவர் எப்படி நம்புவது? இதையே இந்த வார உரையில் நாம் சிந்திக்கவிருக்கிறோம்.

விலை தெரியாதவரின் உரிமை

அன்றைய அரபுநாட்டில் கிராமத்து மக்கள் சரக்குகளை ஏற்றிக்கொண்டு நகரச் சந்தைக்கு வருவார்கள். சில வியாபாரிகள் ஊருக்கு வெளியே சென்று, அவர்களை வழியிலேயே மறித்து, குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்வார்கள். இதை நபி (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள். அப்படி விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து உண்மை விலையை அறிந்தால், அந்த வியாபாரத்தை முறித்துக்கொள்ள அவருக்கு உரிமையுண்டு என்றும் அறிவித்தார்கள். முஸ்லிம் தொகுப்பில் இந்த ஹதீஸ் பதிவாகியுள்ளது.

இதன் கருத்து என்ன? ஒருவர் விலை அறியாமல் இருப்பதையே நம் இலாபமாக ஆக்கிக்கொள்ளக் கூடாது என்பதுதான். மின்னணுச் சந்தையின் மிகப் பெரிய நன்மை இங்கேதான் இருக்கிறது. தோப்பிலிருக்கும் விவசாயி இன்றைய விலையைத் தம் கைபேசியில் பார்த்துவிடலாம். வழியில் மறிப்பவரின் பேச்சை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை. கருவி எங்கிருந்து வந்தது என்று பார்த்து நாம் அதை வெறுப்பதில்லை. அது நீதிக்குத் துணை செய்கிறதா, அநீதிக்கா என்பதையே பார்க்கிறோம்.

தொட்டுப் பார்க்க இயலாத சரக்கு

ஆனால், இதே கருவியில் ஒரு பெரும் குறையும் உண்டு. ஏலக்களத்தில் வெற்றிலையைத் தொட்டுப் பார்க்கலாம். வெல்லத்தை உடைத்து நாவில் வைத்துப் பார்க்கலாம். பருப்பை மூக்கருகே கொண்டுசென்றால் ஈரம் தெரிந்துவிடும். கைபேசியில் படம் மட்டுமே இருக்கிறது. சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து பணம் அனுப்பும் சகோதரிக்கு, நாம் எழுதும் நான்கு வரிகளைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஆகவே, அந்த நான்கு வரிகளும் அந்தப் படமும் அமானத் ஆகிவிடுகின்றன.

அண்ணலார் (ஸல்) ஒருநாள் சந்தையில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றார்கள். அதனுள் தம் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று விற்றவர் காரணம் சொன்னார். மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். இதையும் முஸ்லிம் தொகுப்பில் காண்கிறோம்.

சிந்தித்துப் பாருங்கள். மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமல்ல. நனைந்ததை விற்றதும் குற்றமல்ல. நனைந்ததை அடியில் வைத்து, காய்ந்ததை மேலே வைத்ததே குற்றம். கைபேசிச் சந்தையில் 'மேலே வைப்பது' என்றால் படம். நல்ல சிப்பத்தைப் படமெடுத்துப் போட்டுவிட்டு வேறு சிப்பத்தை அனுப்புவதும், பிறர் எடுத்த படத்தை நம் சரக்கின் படமாகக் காட்டுவதும், அடியிலிருக்கும் ஈரத்தை மறைத்த அதே செயல்தான்.

நம் வட்டாரத்தில் வெல்லத்தின் நிலையை எல்லோரும் அறிவோம். கரும்புச் சாற்றுடன் வெள்ளைச் சர்க்கரையைக் கலப்பதும், பளிச்சென்ற நிறத்துக்காக 'ஹைட்ரோஸ்' என்னும் இரசாயனத்தைச் சேர்ப்பதும் நடக்கின்றன. உணவுப் பாதுகாப்புத் துறையினர் ஆலைக் கொட்டகைகளில் சோதனை செய்து பறிமுதல் செய்த செய்திகளைப் பல ஆண்டுகள் படித்திருக்கிறோம். கலப்படமற்ற வெல்லம் சற்றுக் கருத்திருக்கும். வாங்குபவர் மஞ்சள் நிறத்தையே விரும்புகிறார் என்று ஆலைக்காரர் சொல்கிறார். மஞ்சள் நிறம் எப்படி வருகிறது என்பதை வாங்குபவருக்கு யார் சொல்வது? இங்கேதான் மின்வணிகம் செய்யும் நம் இளைஞருக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. "இது கருப்பாகத்தான் இருக்கும், காரணம் இதுதான், இன்ன கொட்டகையில் இன்ன நாளில் காய்ச்சியது" என்று அவரால் நேரடியாக எழுத முடியும். ஏலக்களத்தில் இடமில்லாத விளக்கத்துக்குக் கைபேசியில் இடமிருக்கிறது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையை வெளிப்படுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும். பொய் சொல்லி மறைத்தால் அது அழிக்கப்படும் என்னும் கருத்தில் வரும் புகாரி ஹதீஸ் இதற்கு வழிகாட்டுகிறது.

பார்க்காமல் வாங்கியவருக்குப் பார்த்தபின் ஏற்கவோ மறுக்கவோ உரிமையுண்டு என ஹனஃபி சட்ட நூல்கள் கூறுகின்றன. 'கியாருர் ருஃயத்' என்பது அதன் பெயர். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று எழுதிவைப்பதற்கு முன் இதை ஒருமுறை நினைவுகூர்வோமாக! அதே வேளையில் வாங்குபவருக்கும் கடமையுண்டு. பணத்தைப் பொருள் வந்தபின் தருவதாகச் சொல்லிக் கேட்டுவிட்டு, வாசலில் வந்து நிற்கும் பொட்டலத்தைக் காரணமின்றித் திருப்பியனுப்புவோர் பெருகிவிட்டனர். போவதற்கும் வருவதற்கும் ஆன கூலி ஒரு சிறு வியாபாரியின் தலையில் விழுகிறது. வாக்களித்துவிட்டு மீறுவது எவருடைய பண்பு என்பதை நாம் அறியாதவர்களா?

கையில் இல்லாததை விற்பது

இன்று பலர் ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்கிறார்கள். இளம்பிள்ளைச் சேலையின் படம் ஒரு குழுவில் வரும். அதில் நூறோ இருநூறோ விலை கூட்டி அடுத்த குழுவில் போடுவார்கள். கேட்பவர் பணம் அனுப்பியபின் நெசவாளரிடம் கேட்பார்கள். "தீர்ந்துவிட்டது" என்று பதில் வந்தால் வேறு சேலையை அனுப்புவார்கள். அல்லது பணத்தைத் திருப்ப நாள் கடத்துவார்கள்.

சந்தையிலிருந்து பிறகு வாங்கித் தரலாம் என்னும் எண்ணத்தில், தம்மிடம் இல்லாத பொருளை விற்கலாமா என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் கேட்டபோது, உம்மிடம் இல்லாததை விற்காதீர் என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். அபூதாவூத், திர்மிதி தொகுப்புகளில் இது இடம்பெற்றுள்ளது.

அப்படியானால் முதலீடு இல்லாத ஏழைப் பெண் வீட்டிலிருந்தபடி சம்பாதிக்க வழியே இல்லையா? இருக்கிறது. முதலாவது, நெசவாளருக்கு வக்கீலாக, அதாவது முகவராக இருந்து, ஒரு சேலைக்கு இவ்வளவு கூலி என்று பேசிக்கொள்ளலாம். அப்போது விற்பவர் நெசவாளர். நீங்கள் அவருடைய பிரதிநிதி. இரண்டாவது, வாங்குபவரிடமே "உங்களுக்காக நான் வாங்கித் தருகிறேன், என் கூலி இவ்வளவு" என்று பேசலாம். மூன்றாவது, 'ஸலம்' என்னும் முறை. பொருளின் இனம், தரம், எடை, கொடுக்கும் நாள் ஆகியவற்றை வரையறுத்து, முழு விலையையும் முன்னதாகப் பெற்றுக்கொள்வது. மதீனாவாசிகள் பேரீச்சம்பழத்திற்கு முன்பணம் கொடுத்து வந்தபோது, அளவும் எடையும் தவணையும் தெரிந்ததாக இருக்கவேண்டும் என்று அண்ணலார் (ஸல்) ஒழுங்குபடுத்தினார்கள். மார்க்கம் கதவை அடைக்கவில்லை. பொய் நுழையும் சந்தை மட்டுமே அடைத்திருக்கிறது.

பொய்ப் புகழ்ச்சி

ஏலத்தில் வாங்கும் எண்ணமின்றி, விலையை ஏற்றிவிடுவதற்காகவே கேட்பதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். இன்று தம்பியையும் நண்பனையும் கொண்டு ஐந்து நட்சத்திரம் போடச் செய்வதும், வாங்காதவர் வாங்கியதுபோல் புகழ்ந்து எழுதுவதும் இதன் புதிய வடிவங்களே. நாட்டின் சட்டமும் இதைக் கண்டிக்கிறது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், விற்பவர் தம்மையே நுகர்வோராகக் காட்டிக்கொண்டு மதிப்புரை எழுதுவதைத் தடை செய்கின்றன. மின்வணிக நிறுவனம் புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. சட்டத்திற்கு அஞ்சுபவர் அதிகாரி பார்க்கும்வரை அஞ்சுவார். அல்லாஹ்வுக்கு அஞ்சுபவர் தனிமையில் கைபேசியைத் தடவும்போதும் அஞ்சுவார்.

கூட்டாளிகள் இருவர், மூன்றாமவன் அல்லாஹ்

அன்பிற்கினியவர்களே! கூட்டு வணிகம் நபிவழியில் மிகத் தொன்மையானது. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் முதலைக் கொண்டு அண்ணலார் ஷாமுக்கு வணிகம் செய்யச் சென்றார்கள். ஸாயிப் (ரலி) என்பவர் நபித்துவத்திற்கு முன் அண்ணலாரின் கூட்டாளியாக இருந்தார். பிற்காலத்தில் அவர், தாங்கள் நல்ல கூட்டாளியாக இருந்தீர்கள், சச்சரவு செய்ததில்லை என்று நினைவுகூர்ந்தார். கூட்டாளிகள் இருவரில் ஒருவர் மற்றவருக்கு மோசடி செய்யாதவரை, அவர்களுடன் மூன்றாமவனாக அல்லாஹ் இருக்கிறான் என்னும் கருத்தில் ஹதீஸ் குத்ஸி ஒன்றும் அபூதாவூதில் வந்துள்ளது.

ஆனால் நடப்பு என்ன? பள்ளிவாசலுக்கு வந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். இரு இளைஞர்கள், ஒரே தெருவினர். ஒருவர் 60,000 ரூபாய் போட்டார். மற்றவர் படமெடுப்பது, வாடிக்கையாளரிடம் பேசுவது, பொட்டலம் கட்டுவது ஆகியவற்றைச் செய்தார். நாட்டுச் சர்க்கரையும் அச்சு வெல்லமும் வெளியூர் வீடுகளுக்கு அனுப்பினர். முதலாண்டு நன்றாகவே நடந்தது. தேவைப்பட்டபோது தேவைப்பட்டவர் எடுத்துக்கொண்டார். எழுத்து எதுவும் இல்லை. "நமக்குள் என்ன எழுத்து?" என்பதே அவர்களின் பேச்சு.

பிறகு ஒரு மழை நாளில், பார்சல் கிடங்கில் சரக்கு நனைந்து இளகிவிட்டது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவேண்டி வந்தது. நட்டம் யாருடையது? முதல் போட்டவர் "நீதானே கட்டினாய்" என்றார். உழைத்தவர் "முதல் உன்னுடையதுதானே" என்றார். பிரிவது என்று வந்தபோது அதைவிடப் பெரிய சண்டை பிறந்தது. வியாபாரம் நடந்த கைபேசி எண் யாருடையது? அதிலிருக்கும் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள் யாருக்குச் சொந்தம்? இருவரும் ஆறு மாதம் ஸலாம் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரே ஸஃப்பில் நின்று தொழுதார்கள். தொழுகை முடிந்ததும் வெவ்வேறு வாசலால் வெளியேறினார்கள். மூன்று நாட்களுக்கு மேல் ஒரு சகோதரரை வெறுத்து ஒதுங்குவது ஆகுமானதல்ல என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறதே!

ஜமாஅத் பெரியவர்கள் நான்கு முறை அமர்ந்து பேசினார்கள். பார்சல் இரசீதுகளையும் வங்கிக் கணக்கையும் வைத்து வரவு செலவை எழுதினார்கள். ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் தருவது 'முளாரபா'. அதில் நட்டம் முதலைச் சேரும். உழைத்தவர் தம் உழைப்பை இழப்பார். உழைத்தவரின் கவனக்குறைவால் நட்டம் வந்தால் மட்டுமே அவர் பொறுப்பாவார். பொட்டலம் வழக்கம்போலவே சரியாகக் கட்டப்பட்டிருந்தது தெரியவந்தது. எனவே நட்டத்தை முதல் போட்டவர் ஏற்றார். எண்ணை உழைத்தவர் வைத்துக்கொண்டு, அதற்கு ஈடாக ஒரு தொகையைத் தவணையில் தருவதென்று இருவரும் இசைந்தார்கள். தொடக்கத்தில் ஒரு தாளில் எழுதியிருந்தால் ஆறு மாதப் பகை இல்லை.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியது. தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சலிப்படையாதீர்கள் என்று அது வலியுறுத்துகிறது. எழுதுவது நம்பிக்கைக் குறைவு அன்று. நம்பிக்கைக்கு இடும் வேலி.

ஆகவே, கூட்டாகத் தொடங்கும் சகோதரர்கள் முதல் நாளிலேயே இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: யார் எவ்வளவு முதல் போடுகிறார், யார் என்ன வேலை செய்கிறார், இலாபத்தில் யாருக்கு எத்தனை பங்கு, நட்டம் வந்தால் எவ்வாறு ஏற்பது, கைபேசி எண், பக்கத்தின் பெயர், கடவுச்சொல் ஆகியவை யாருடையவை, எந்த வங்கிக் கணக்கில் பணம் வரும், எப்போது கணக்குப் பார்ப்பது, பிரிந்தால் எப்படிப் பிரிவது. இருவரும் முதல் போட்டால் அது 'முஷாரகா'. அதில் இலாபத்தைப் பேசியபடி பங்கிடலாம். நட்டம் அவரவர் முதலின் விகிதப்படியே சேரும். முடிந்தால் 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி பதிவும் செய்துகொள்ளுங்கள். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், ஒப்பந்த உரிமையைக் கோரி வெளியார் மீது வழக்குத் தொடுப்பதை அச்சட்டத்தின் 69-ஆம் பிரிவு தடுக்கிறது.

மாதம் இவ்வளவு என்னும் வலை

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்லவேண்டும். "ஆன்லைன் வியாபாரத்தில் ஒரு இலட்சம் போடுங்கள், மாதம் மூவாயிரம் கையில் வரும்" என்று சிலர் வருகிறார்கள். 'பங்கு' என்று பெயர் சொல்வார்கள். ஆனால் இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த தொகை கிடைக்கும், முதலும் பத்திரம் என்றால் அது கூட்டு வணிகம் ஆகாது, அது வட்டியே. இலாபத்தில் விகிதம் பேசலாமே தவிர, போட்ட முதலுக்கு மாதத் தொகை பேசக் கூடாது.

மார்க்கத்தில் இது ஹராம். உலக வாழ்விலும் இது ஆபத்து. 2012-ஆம் ஆண்டில் அருகிலுள்ள பெருந்துறையில் ஈமு கோழி வளர்ப்புத் திட்டம் சரிந்ததை மறந்துவிட்டோமா? அங்கும் மாதந்தோறும் நிச்சயத் தொகை என்றே சொல்லப்பட்டது. எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு அதில் சென்றது. கோழியின் இடத்தில் இன்று கைபேசி வந்திருக்கிறது. வலை அதே வலைதான். எங்கிருந்து இலாபம் வருகிறது, கணக்கைக் காட்டுவார்களா என்று கேளுங்கள். கேட்டதும் கோபிப்பவரிடம் உங்கள் உழைப்பின் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

சமூகமாய் நிற்பது

மதீனாவுக்கு முஹாஜிர்கள் வெறுங்கையுடன் வந்தபோது, அன்சாரிகள் தங்கள் பேரீச்சந்தோப்புகளைப் பங்கிட்டுத் தர முன்வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. முஹாஜிர்கள் தோப்பில் உழைப்பது, விளைச்சலில் பங்கு பெறுவது என்று இரு சாராரும் இசைந்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களோ, தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்த அன்சாரித் தோழருக்கு துஆ செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். கொடுப்பவரிடம் தாராளமும், பெறுபவரிடம் தன்மானமும் இருந்தன. அப்படிப்பட்ட சமூகமே நிலைத்தது.

நம் மஹல்லாவில் தோப்புக்காரர் இருக்கிறார்; கைபேசி அறிந்த இளைஞர் இருக்கிறார்; நன்றாகத் தைக்கத் தெரிந்த, ஊறுகாய் போடத் தெரிந்த சகோதரிகள் இருக்கிறார்கள். இவர்களை இணைத்து வைப்பதும் ஜமாஅத்தின் பணிகளில் ஒன்றாகட்டும். வீட்டிலிருந்து விற்கும் பெண்ணின் வருமானம் அவளுக்கே உரியது என்பதையும் ஆண்கள் மறக்க வேண்டாம். சம்பாதித்ததில் ஆண்களுக்குப் பங்குண்டு, பெண்களுக்கும் பங்குண்டு என்பது இறைவாக்கின் கருத்து.

ஆனால் 'நம்மவர்' என்ற சொல்லை விளம்பரப் பலகையாக ஆக்காதீர்கள். தாடியையும் தொப்பியையும் காட்டித் தரம் குறைந்த சரக்கை விற்பவர், தம் நட்டத்தோடு மார்க்கத்தின் மதிப்பையும் இழக்கச் செய்கிறார். நம்பிக்கைக்குரியவர் என்று அண்ணலாரை முதலில் அழைத்தவர்கள் அவர்களை நபியாக ஏற்காத மக்காவாசிகளே. ஹிஜ்ரத்தின் போதும், தம்மை எதிர்த்தவர்களின் அமானத்துகளைத் திருப்பித் தருவதற்காக அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். கரும்பு தரும் உழவரும், சிப்பம் கட்டும் தொழிலாளியும், பொட்டலம் கொண்டுசெல்லும் இளைஞரும் எம்மதத்தவராயினும் நம் வணிகச் சமூகத்தினரே. அவர்களின் கூலி வியர்வை உலரும் முன் சேரட்டும்.

இறுதியாக, ஜுமுஆவின் பாங்கு கேட்டதும் வியாபாரத்தை விட்டு வரவேண்டும் என்றும், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடலாம் என்றும் திருக்குர்ஆன் கூறுகிறது. முன்பு கடைக்கதவைச் சாத்தினால் போதும். இப்போது கடை நம் சட்டைப் பையோடு பள்ளிவாசலுக்குள் வருகிறது. குத்பாவின்போது ஆர்டர் பார்க்கும் விரலே கடையைத் திறந்து வைத்திருக்கும் கை. அந்த அரைமணி நேரம் அதை அணைத்து வையுங்கள். ரிஸ்க் அளிப்பவன் கைபேசியல்ல, அல்லாஹ்வே.

கருணையுள்ள ரப்பே! எங்கள் வியாபாரங்களில் உண்மையையும் பரக்கத்தையும் தந்தருள்வாயாக! கூட்டாளிகளின் உள்ளங்களை இணைத்து வைப்பாயாக! வட்டியிலிருந்தும் மோசடியிலிருந்தும் எங்கள் பிள்ளைகளைக் காப்பாயாக! உண்மை பேசும் வணிகர்களின் கூட்டத்தில் மறுமையில் எங்களை எழுப்புவாயாக! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!